தாயின் கல்வித் தகுதி

பாளையங்கோட்டை
12.5.2025

அன்புள்ள ஹெப்சிக்கு,

எஸ்றா எழுதுதேன். கவர்ல என் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கு என்ன ஆச்சோன்னு பயந்துராத. நானும் டார்லினும் சுகமா இருக்கோம். பக்கத்து வீட்டுல சாலோமி அக்காவுக்கு மட்டும் முழங்கால் வலி. கோயிலுக்கு ஆட்டோவுல போயிட்டு வாரா. உன்னையும் உன் ஹாஸ்டல் பிள்ளைகளையும் ஜெபத்துல நினைக்காளாம், எழுதச் சொன்னா.

நீ கோத்தகிரி போன இந்த ஏழு வருஷத்துல நான் உனக்கு எழுதுத முதல் லெட்டர் இதுதான். போன் பண்ணிருக்கலாம். ஆனா நாம ரெண்டு பேரும் போனை எடுத்தா நாலாவது வார்த்தையில சண்டை வந்திருது. டார்லின்தான் சொன்னா, "எழுதுங்கப்பா, எழுதும்போது உங்களால சத்தம் போட முடியாதுல்லா"ன்னு.

பிளஸ் டூ மார்க்கை அவளே உனக்குச் சொல்லிட்டா. என்கிட்டச் சொல்ல வண்ணார்பேட்டைக் கடைக்கே ஓடி வந்தா. அப்ப ஒரு ஸ்கூட்டர் இன்ஜினைக் கழத்திப் போட்டிருந்தேன். கையெல்லாம் கிரீஸ். அப்படியே கட்டிப் பிடிச்சிட்டேன். சுடிதார் வீணாப் போச்சுன்னு அரை மணி நேரம் திட்டுனா. அசல் உன்னை மாதிரியே திட்டுதா.

சிவில் இன்ஜினியரிங்தான் படிக்கணுமாம். அந்த டிசம்பர் வெள்ளத்துல கடைக்குள்ள இடுப்பளவு தண்ணி நின்னுச்சுல்லா, அதுலேருந்து அவளுக்கு இதே பேச்சு. ஆறு ஏன் ஊருக்குள்ள வந்துச்சு, தண்ணி போக வேண்டிய வழியில யாரு கட்டடம் கட்டுனா, இதெல்லாம் என்கிட்டக் கேட்டா எனக்கு என்ன தெரியும்?

இப்ப விஷயத்துக்கு வாரேன். அவ மார்க்குக்கு அரசு இன்ஜினியரிங் காலேஜ் கிடைக்காது போல. தனியார்லதான் கிடைக்கும். அங்க கேக்குத கட்டணத்துக்கு நம்ம கடை தாங்காது. அரசுப் பள்ளிக்கூடத்துல படிச்ச பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடு இருக்கு, அதுல கட்டணம் எல்லாத்தையும் அரசாங்கமே கட்டிரும். நம்ம பிள்ளை படிச்சது எய்டட் பள்ளிக்கூடம், அதனால அது கிடையாது. நீதான் சேத்த, ஆனா நான் குத்தம் சொல்லல. நல்ல பள்ளிக்கூடம்தான்.

மிச்சம் இருக்கது ஒரே வழி. முதல் பட்டதாரிச் சான்றிதழ். வீட்டுல தாத்தா ஆச்சி, அப்பா அம்மா, கூடப் பிறந்ததுன்னு யாருமே பட்டம் வாங்கிருக்கக் கூடாது. அப்படின்னா கற்பிப்புக் கட்டணத்தை அரசாங்கம் ஏத்துக்கிடும். நான் பத்தாங் கிளாஸ். பெரியவங்க கதை உனக்கே தெரியும். நீ ஒருத்திதான் இடிக்க.

நீ தபால்ல படிச்சது இங்கன ஆபீஸ்ல யாருக்கும் தெரியாது. உறுதிமொழித் தாள்ல "தாயின் கல்வித் தகுதி"ன்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல பத்தாம் வகுப்புன்னு எழுதி, கீழ ஒரு கையெழுத்துப் போட்டு அனுப்பினாப் போதும். பெற்றோர் ரெண்டு பேர் கையெழுத்தும் வேணும்னு சொல்லிட்டாவ. தாளை இதுலயே வச்சிருக்கேன்.

கோபப்படாத ஹெப்சி. பிள்ளைக்காவத்தான்.

இப்படிக்கு,
எஸ்றா


கோத்தகிரி
17.5.2025

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. சாலோமி மதினிக்கு என் அன்பைச் சொல்லுங்கள். இங்கே காயத் திருமேனி எண்ணெய் என்று ஒன்று யாரோ கொடுத்தார்கள், முழங்காலுக்கு நல்லதாம். டார்லின் வரும்போது கொடுத்துவிடுகிறேன். இந்த வருஷம் விண்ணப்பம், கவுன்சலிங் என்று சொல்லி மே மாதம் அவள் இங்கே வரவே இல்லை. அவளுக்கென்று வாங்கி வைத்த பிளம்ஸ் எல்லாம் ஹாஸ்டல் பிள்ளைகள் வாயில் போயிற்று.

அவள் மார்க்கை நீங்கள் கிரீஸ் கையோடு கொண்டாடியதைப் படித்துச் சிரித்தேன். அதற்குப் பிறகு எழுதியதைப் படித்துச் சிரிக்க முடியவில்லை.

நான் பட்டம் வாங்கி எட்டு வருஷம் ஆகிறது. இத்தனை நாளில் அதைப் பற்றி நீங்கள் நல்லபடியாக ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போதுதான் முதல்முறையாகப் பேசுகிறீர்கள். அதுவும் மறைக்கச் சொல்லி.

மறந்திருப்பீர்கள், நான் நினைவுபடுத்துகிறேன். குழாயில் தண்ணீர் வருவதற்குள் எழுந்து, குடம் வரிசையில் நின்றபடி படித்தேன். அசைன்மென்ட் தாளில் உங்கள் டீ கிளாஸின் வட்டம் விழுந்து, அதையே அப்படியே அனுப்பியிருக்கிறேன். சாத்தான்குளத்தில் உங்கள் சித்தப்பா மகன் கல்யாணத்தில், அத்தனை சொந்தக்காரர்கள் நடுவில், "பி.ஏ. மேடம், பந்தி பரிமாறத் தெரியுமா?" என்று கேட்டீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ரசம் வாளியைப் பிடித்துக்கொண்டு வேறென்ன செய்வது? பட்டமளிப்பு விழாவுக்கு வந்த அழைப்பு விழா முடிந்த பிறகே என் கைக்கு வந்தது. பட்டத்தைத் தபாலில் வாங்கிக்கொண்டேன்.

இங்கே வார்டன் வேலை அந்தத் தாளுக்காகத்தான் கிடைத்தது. ஒரு வருஷம் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி வந்தேன். நீங்களும் கூப்பிடவில்லை, நானும் வரவில்லை.

நீங்கள் அனுப்பிய தாளில் பத்தாம் வகுப்பு என்று என் கையால் எழுத என்னால் முடியாது அத்தான். டார்லினுக்கு வேறு வழி பாருங்கள், நானும் பார்க்கிறேன். என் சம்பளத்தில் முடிந்ததைத் தருவேன். இதை மட்டும் கேட்காதீர்கள்.

மத்தியான வெயிலில் கடை வாசலில் உட்கார்ந்து வேலை செய்யாதீர்கள். உங்களுக்குத் தலைவலி வரும்.

அன்புடன்,
ஹெப்சிபா


பாளையங்கோட்டை
21.5.2025

அன்புள்ள ஹெப்சி,

உன் லெட்டரை ரெண்டு தடவை வாசிச்சேன். சாத்தான்குளம் கல்யாணத்துல நான் அப்படிச் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கு. மறக்கல. மறந்த மாதிரி இருந்தேன்.

உன் மேல எனக்குக் கோபம் இல்லை. முடியாதுன்னு நீ சொன்னதும், சரி, கடன் கேட்டுப் பாப்போம்னு பேங்க் வாசல் வரைக்கும் போனேன். டார்லின் வேண்டாம்னுட்டா. "படிச்சு முடிச்சுட்டு, கடனை அடைக்க ஒரு வேலை தேடி அலையணுமாப்பா? எனக்கு ஆத்தைப் படிக்கணும். கடனைப் படிக்க வேண்டாம்"னு சொல்லுதா.

ஒண்ணு சொல்லணும். உன் லெட்டரை அவ எடுத்து வாசிச்சுட்டா. நான் கடையிலேருந்து வரும்போது கையில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. கண்ணுல தண்ணி இல்லை. அது எனக்குப் பயமா இருந்துச்சு.

"அந்தப் படிப்புக்காவத்தான அம்மா என்னை விட்டுட்டுப் போனா? இப்ப அதே படிப்புக்காவ என் படிப்பையும் நான் விடணுமா?"ன்னு கேட்டா.

"ஏட்டி, அப்படிப் பேசாத. அம்மா போனதுக்கு அப்பாவும் ஒரு காரணம்"னேன். "ரெண்டு பேரும் காரணமா இருங்க, நான் மட்டும் என்ன செஞ்சேன்"ன்னு கேட்டுட்டு அடுப்படிக்குப் போயிட்டா.

இதை உனக்கு எழுதலாமா வேண்டாமான்னு ராத்திரி முழுக்க யோசிச்சேன். எழுதாம வச்சா அதுவும் ஒரு மறைப்புத்தான்னு எழுதிட்டேன். உன்னைக் குத்திக் காட்ட எழுதல. நம்பு.

எஸ்றா


கோத்தகிரி
25.5.2025

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் கேட்ட தாள் இதனுடன் இருக்கிறது. கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

டார்லின் கேட்டதை நாலைந்து தடவை வாசித்தேன். பதினோரு வயசுப் பிள்ளை ஜங்ஷன் பிளாட்பாரத்தில் நின்று, ரயில் கிளம்பும்வரைக்கும், "எத்தனை நாள்ம்மா?" என்று கேட்டது. அதற்கு நான் பதில் சொல்லவில்லை. அவளிடம் நான் பட்ட கடன் அது. ஒரு கட்டத்தில் ஒரு பொய் எழுதி அது தீருமென்றால் எழுதிவிடுகிறேன்.

முதல் தாளில் கை தானாக "பி.ஏ." என்று எழுதிவிட்டது. கிழித்துப் போட்டேன். இங்கே கம்ப்யூட்டர் சென்டரில் மறுபடியும் ஒரு படிவம் எடுத்துத்தான் இதை எழுதினேன். கடைக்காரப் பெண் தஸ்மியா என்னை "வார்டன் மேடம்" என்றுதான் கூப்பிடுவாள். அவள் முன்னால் எழுத வெட்கமாக இருந்தது. வெளியே படியில் உட்கார்ந்து எழுதினேன்.

என் வேலைக்கு இதனால் ஏதாவது வருமோ என்று நீங்கள் யோசிக்க வேண்டாம். யார் கோத்தகிரிவரை வந்து கேட்கப் போகிறார்கள்?

டார்லினிடம் சொல்லுங்கள், அம்மா சந்தோஷமாகத்தான் கையெழுத்துப் போட்டாள் என்று. என் கடிதத்தைக் காட்ட வேண்டாம். தாளை மட்டும் காட்டுங்கள்.

ஆண்டவர் அவளோடு இருக்கட்டும்.

ஹெப்சிபா


பாளையங்கோட்டை
4.6.2025

அன்புள்ள ஹெப்சி,

நீ அனுப்பின தாள் என்கிட்டயேதான் இருக்கு. குடுக்கல. நடந்ததை நடந்தபடி சொல்லுதேன், கடைசி வரைக்கும் வாசி.

திங்கக்கிழமை கடையை அடைச்சிட்டு டார்லினைக் கூட்டிக்கிட்டு கிராம நிர்வாக அலுவலர் ஆபீஸுக்குப் போனேன். அந்த ஆபீசர் சின்ன வயசுப் பையன், ராதாபுரம் பக்கமாம். மரியாதையாப் பேசினாரு. ஒவ்வொண்ணாக் கேட்டு எழுதிக்கிட்டு வந்தாரு.

"தகப்பனார் படிப்பு?"

"பத்தாவது சார்."

"தாத்தா, ஆச்சி?"

"கையெழுத்துப் போடுவாவ. அவ்வளவுதான்."

"அம்மா?"

உன் தாளை அப்ப எடுத்து நீட்டிருக்கணும். கை பைக்குள்ளதான் இருந்துச்சு. வாய் முந்திட்டு. "பி.ஏ. சார்"னு சொல்லிட்டேன்.

டார்லின் என் முழங்கையைப் பிடிச்சுக் கிள்ளுனா. ஆபீசர் பேனாவைக் கீழ வச்சிட்டாரு. "அண்ணாச்சி, நான் இன்னும் அந்தக் கட்டத்தை நிரப்பல. வெளிய போயி ஒரு டீ குடிச்சிட்டு, நல்லா யோசிச்சு வந்து சொல்லுங்க"ன்னாரு. நல்ல மனுசன். பிள்ளை முகத்தைப் பார்த்துட்டுச் சொன்னாரு.

டீக்கடையில நின்னோம். "உள்ள போங்கப்பா. வாய் தவறிட்டுன்னு சொல்லுங்க. அம்மாவே சந்தோஷமா எழுதித் தந்துட்டா. உங்களுக்கு என்னப்பா?"ன்னு டார்லின் கேட்டா.

அப்பத்தான் உன் தாளை விரிச்சு ஒழுங்காப் பார்த்தேன். உன் கையெழுத்து எனக்குத் தெரியும். கோடு போடாத தாள்ல எழுதினாலும் கோடு போட்ட மாதிரி நேரா நிக்கும். இதுல எல்லாம் நேராத்தான் இருந்துச்சு. "பத்தாம் வகுப்பு"ங்கிற இடத்துல மட்டும் எழுத்து சரிஞ்சு கீழ இறங்கிருக்கு. நீ எப்படி உக்காந்து அதை எழுதினன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு.

ஹெப்சி, உனக்குத் தெரியாத ஒண்ணு இருக்கு. பட்டமளிப்பு விழா லெட்டர் தாமதமா வரல. சரியான நேரத்துக்கு வந்துச்சு. தபால்காரர் கடையில குடுத்துட்டுப் போனாரு. நான் பிரிச்சுப் பார்த்துட்டு, கடை மேசைக்குள்ள போட்டுப் பூட்டி, விழா முடிஞ்ச அப்புறமா வீட்டுல கொண்டு வந்து வச்சேன். நீ அந்தக் கறுப்பு அங்கியைப் போட்டு மேடையில ஏறி நின்னா, அப்புறம் இறங்கி வந்து கிரீஸ் கைக்காரன் பக்கத்துல எப்படி நிப்பன்னு பயம். வேற ஒண்ணும் இல்லை. எட்டு வருஷமா உன்கிட்டச் சொல்ல முடியல.

ஒரு தடவை உன் பட்டத்தை ஒளிச்சு வச்சேன். ரெண்டாவது தடவையும் அதையே செய்யச் சொல்லி உன் கையாலயே எழுதி வாங்கிட்டேன். இதைத்தான் டீக்கடையில வச்சு டார்லின்ட்டச் சொன்னேன். அவ டீயைக் குடிக்காம பெஞ்சுல வச்சிட்டா.

உள்ள போயிச் சொன்னேன். "பி.ஏ. தமிழ் இலக்கியம் சார். முதல் வகுப்பு."

"அப்ப சான்றிதழ் கிடைக்காது அண்ணாச்சி."

"தெரியும் சார். எழுதிக்கிடுங்க."

நேத்து நிராகரிச்ச தாள் வந்துச்சு. காரணம்னு போட்டு, "தாய் பட்டதாரி"ன்னு எழுதிருக்கு. அரசாங்கத் தாள்ல அப்படி ரெண்டு வார்த்தையை நான் இப்பத்தான் முதல் தடவையாப் பார்க்கேன். பார்க்க நல்லாத்தான் இருந்துச்சு ஹெப்சி. ஆனா பிள்ளைக்கு இல்லைன்னு சொல்லுததுக்குத்தான அதை எழுதிருக்கான்.

டார்லின் என்கிட்டப் பேசல. "குழம்பு இருக்கு"ன்னு தட்டைப் பார்த்துச் சொல்லிட்டுப் போறா. நீயும் பேச மாட்டன்னா அதுவும் நியாயம்தான்.

எஸ்றா


கோத்தகிரி
9.6.2025

அன்புள்ள அத்தான்,

உங்கள் கடிதம் வந்து இரண்டு நாள் ஆகிறது. முதல் நாள் எழுத உட்கார்ந்தால் வெறும் கோபம்தான் வந்தது. பிள்ளை வாயருகே போன சோற்றைத் தட்டிவிட்டீர்களே என்று. நான்தான் கையெழுத்துப் போட்டுவிட்டேனே, பாவம் என்னுடையது, உங்களுக்கென்ன என்று. இரண்டாம் நாள் அந்தக் கோபத்தைத் தேடினேன். கிடைக்கவில்லை.

பட்டமளிப்பு அழைப்பு சங்கதி எனக்குத் தெரியும்.

அன்றைக்கே தெரியும். கவரின் ஓரத்தில் கறுப்பாகக் கட்டைவிரல் தடம் இருந்தது. தபால்காரர் கையில் கிரீஸ் எப்படி வரும்? கேட்டிருக்கலாம். கேட்டால் இல்லை என்பீர்கள், பிறகு அந்தப் பொய்யோடும் சேர்த்துக் குடித்தனம் நடத்த வேண்டும். அதற்காகக் கேட்கவில்லை. நீங்களாகவே ஒரு நாள் சொல்வீர்கள் என்று ஒரு வருஷம் பார்த்தேன். நீங்கள் சொல்லவில்லை, நான் இங்கே வந்துவிட்டேன். வேலைக்காக மட்டும் நான் வரவில்லை என்பது இப்போது உங்களுக்குப் புரியும்.

மேடையில் இருந்து இறங்கி யார் பக்கத்தில் நிற்பேன் என்று பயந்தீர்களாக்கும். அந்த விழாவுக்கு உங்களுக்கு வெள்ளைச் சட்டை ஒன்று எடுத்து வைத்திருந்தேன், பீரோவின் மேல்தட்டில். மடிப்புக் கலையாமல்.

டார்லினிடம் போனில் பேசினேன். முதலில் "ம்", "ம்" என்றாள். நான் மன்னிப்புக் கேட்டேன். எதற்கென்று கேட்டாள். அந்தத் தாளில் சந்தோஷமாக எழுதியதாகச் சொன்னதற்கு என்றேன். அழுதாள். அப்புறம், "எனக்கு அது கிடைக்காதது கூடப் பரவாயில்லம்மா. நீ படிச்சிருக்கேன்னு எனக்குத் தண்டனை குடுக்காங்களே, அது என்ன நியாயம்?" என்று கேட்டாள்.

அதையே நானும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். என் ஹாஸ்டலில் எஸ்டேட் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேர், அக்கா தங்கைகள். மூத்தவள் கல்லூரிக்குப் போனால் முதல் பட்டதாரி. மற்ற இரண்டு பேர் யார்? ஒரு வீட்டில் ஒருத்தி படித்துவிட்டால் அந்த வீட்டின் கஷ்டம் எல்லாம் முடிந்துவிட்டது என்று யார் இவர்களுக்குச் சொன்னார்கள்? நான் படித்து முடித்ததும் நம் வீட்டில் என்ன கொட்டியது? ஆளுக்கு ஒரு ஊரானோம், அவ்வளவுதான்.

எனக்கு உங்கள் மேல் வருத்தம் போகவில்லை. ஆனால் "முதல் வகுப்பு" என்பதையும் சேர்த்துச் சொன்னீர்கள் பாருங்கள். அந்த ஆபீசர் அதைக் கேட்கவே இல்லையே.

ஹெப்சிபா


பாளையங்கோட்டை
1.7.2025

அன்புள்ள ஹெப்சிக்கு,

நேத்து நம்ம பிள்ளை காலேஜுக்குப் போனா. எங்கன, எப்படின்னு போன்ல சொல்லிருப்பா. ஆனாலும் நான் என் பங்குக்குச் சொல்லுதேன்.

கூடப் படிச்ச ஹனீன்கூடச் சேந்து மே மாசமே அரசு மகளிர் கல்லூரிக்கும் ஒரு விண்ணப்பம் போட்டு வச்சிருக்கா. எனக்குத் தெரியாது. பி.எஸ்சி. புவியியல் கிடைச்சிருக்கு. "சிவில் இல்லையேட்டி"ன்னேன். "ஆத்தை அங்கனயும் படிக்கலாம்பா"ங்கா. ஆனா ராத்திரி சாலோமி அக்கா மடியில படுத்து அழுதிருக்கா. அக்கா சொன்னா. இழப்பு இழப்புத்தான், அதை நாம இல்லைன்னு சொல்ல வேண்டாம்.

சேர்க்கை அன்னைக்கு நானும் போனேன். உறுதிமொழித் தாள் எல்லாம் எடுத்து வச்சுக்கிட்டு, என்ன கேப்பாங்களோன்னு நிக்கேன். மார்க் ஷீட்டைப் பார்த்தாவ, சாதிச் சான்றிதழைப் பார்த்தாவ, முடிஞ்சிருச்சு. "மேடம், கற்பிப்புக் கட்டணம்?"னேன். "அது இங்க யாருக்கும் கிடையாதுங்க. அரசாங்கம் பார்த்துக்கிடுது. தேர்வுக்கு, மத்ததுக்குக் கொஞ்சம்தான்"னாவ. வீட்டுல யாரு என்ன படிச்சிருக்கான்னு ஒருத்தரும் கேக்கல. எனக்கு நம்பவே முடியல. நீ படிச்சவன்னு சொல்லத் தயாரா வந்தேன், கேக்க ஆள் இல்லை.

வெளிய வரும்போது டார்லின் சொன்னா, "இங்க மட்டும் இப்படி முடியும்னா, எல்லாத்துக்கும் ஏன்பா முடியாது?"

அதுதான் தொடக்கம். 23ஆம் தேதி திங்கக்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ்ல குறைதீர்க்கும் நாள். மனுவை அவதான் எழுதினா. இன்ஜினியரிங், மருத்துவம், சட்டம், பல்கலைக்கழகம்னு அரசாங்கம் நடத்துத படிப்பு எல்லாத்துக்கும், இந்தக் கலைக் கல்லூரி மாதிரியே, யாருக்கும் கற்பிப்புக் கட்டணம் இருக்கக் கூடாது. அரசாங்கமே ஏத்துக்கிடணும். இடத்தையும் கூட்டணும். யாரு முதல், யாரு ரெண்டாவதுன்னு வாசல்ல கேக்கக் கூடாது. ரெண்டே பக்கம்.

வரிசையில எங்களுக்கு முன்னால சேரன்மகாதேவிப் பக்கத்துலேருந்து இசக்கியம்மான்னு ஒரு அம்மா. வயல் வேலை. மூத்த மகன் முதல் பட்டதாரிச் சலுகையில இன்ஜினியரிங் சேந்து ஒரு வருஷத்துல நின்னுட்டானாம், இப்ப திருப்பூர்ல இருக்கான். வீட்டுக்கு ஒருத்தருக்குத்தான் சலுகை, அதை அவன் எடுத்தாச்சு, இளையவ முத்துராணிக்குக் கிடையாதுன்னு சொல்லிட்டாங்களாம். அந்த அம்மா டார்லின் மனுவை வாசிக்கச் சொல்லிக் கேட்டுட்டு, "இதுல என் பேரையும் எழுது தாயி. சத்துணவு போடும்போது உன் அண்ணன் நேத்துச் சாப்பிட்டானான்னு கேட்டுட்டா போடுதாவ?"ன்னு சொன்னா. டார்லின் அதையும் அப்படியே மனுவுல அடியில எழுதிட்டா. அப்புறம் வரிசையில நின்ன ஏழு பேர் கையெழுத்துப் போட்டாவ.

உள்ள ஒரு அதிகாரி வாசிச்சாரு. முழுசா வாசிச்சாரு, அதைச் சொல்லணும். "எல்லாருக்கும் இலவசம்னா வசதி உள்ளவன் பிள்ளைக்கும் போகும்லாம்மா?"ன்னு கேட்டாரு.

நான் பேச வாயைத் திறந்தேன். அதுக்குள்ள டார்லின், "வசதி உள்ளவங்ககிட்ட வரியா வாங்குங்க சார். படிக்க வாரவங்ககிட்ட வாசல்ல கேள்வி கேக்காதீங்க. என் அம்மா கஷ்டப்பட்டுப் படிச்சா. அது எங்க வீட்டுக்கு ஒரு குத்தமா வந்து நிக்கக் கூடாது"ன்னு சொன்னா.

அவரு மனுவுல சீல் குத்தினாரு. "இது மாவட்டத்துல முடிவு செய்யுத விஷயம் இல்லைம்மா. மேல அனுப்புதேன்"னு சொல்லி ரசீது குடுத்தாரு. மேல போயி என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது. ஒண்ணும் ஆகாமலும் இருக்கலாம். அந்த ஏழு பேர்ல ஒருத்தர், அடுத்த திங்கக்கிழமை இன்னும் ஆளைக் கூட்டிட்டு வாரேன்னு சொல்லிட்டுப் போயி, நேத்து நிஜமாவே கூட்டிட்டு வந்துட்டாராம்.

வீட்டுக்கு வரும்போது பஸ்ஸுல டார்லின் என் தோள்ல சாஞ்சு தூங்கிட்டா. மூணு வாரத்துக்கு அப்புறம்.

இப்ப நான் கேக்க வந்ததைக் கேக்கேன். உன்னைத் திரும்பி வான்னு கூப்பிடல. கூப்பிடுததுக்கு எனக்கு வாய் இல்லை. நான் அங்கன வரலாமா? நீ இருக்க இடத்தை நான் இதுவரைக்கும் பார்த்ததே இல்லை. வார பன்னிரண்டாம் தேதி சனிக்கிழமை. டார்லினும் வாரேங்கா. உனக்குச் சங்கடம்னா அவ மட்டும் வரட்டும், நான் மேட்டுப்பாளையம் வரைக்கும் கொண்டு வந்து விட்டுட்டுப் போயிருதேன்.

உன்,
எஸ்றா


கோத்தகிரி
6.7.2025

அன்புள்ள அத்தானுக்கு,

மேட்டுப்பாளையம் வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிப் போவதற்கு நீங்கள் என்ன டிரைவரா? மேலே வாருங்கள்.

கலெக்டர் ஆபீஸில் டார்லின் பேசியதை அவள் என்னிடம் சொல்லவே இல்லை. உங்கள் கடிதத்தில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அந்த இடத்தை மட்டும் என் ஹாஸ்டலில் இருக்கும் அந்த மூன்று அக்கா தங்கைகளுக்கும் வாசித்துக் காட்டினேன். நடுப்பிள்ளை, "மேடம், நாங்களும் இங்க கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுக்கலாமா?" என்று கேட்டாள். ஊட்டிக்குப் போக வேண்டும். கூட்டிப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். என் கையெழுத்தும் அதில் இருக்கும். பட்டத்தோடு சேர்த்துப் போடுவேன்.

திரும்பி வருவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானும் இப்போது சொல்லவில்லை. இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது அத்தான். இந்தப் பிள்ளைகளை விட்டுவிட்டு வர முடியுமா என்று தெரியவில்லை. நீங்கள் வந்து பார்த்துவிட்டுப் போங்கள். பிறகு நான் அங்கே வந்து ஒரு வாரம் இருக்கிறேன். அப்படியே பைய நடந்து பார்ப்போம்.

ஹாஸ்டலுக்குள் ஆண்கள் வரக்கூடாது. உங்களுக்குப் பக்கத்தில் ஆலயத்தின் விருந்தினர் அறையைக் கேட்டு வைத்திருக்கிறேன். ஆனால் பகலில் பார்வையாளர் அறையில் உட்காரலாம். அங்கே ஒரு பதிவேடு உண்டு. வருகிறவர்கள் பெயர், ஊர், வந்த நேரம், பிறகு "உறவு" என்று ஒரு கட்டம். ஏழு வருஷத்தில் என்னைப் பார்க்க டார்லினைத் தவிர யாரும் அதில் எழுதியதில்லை. வாட்ச்மேன் தாத்தாவிடம், சனிக்கிழமை ஒருத்தர் வருவார், அந்தக் கட்டத்தை அவரே நிரப்புவார் என்று சொல்லியிருக்கிறேன். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

டார்லினிடம் ஸ்வெட்டர் இருக்கிறது. உங்களுக்கு இல்லை என்று தெரியும், இங்கே வாங்கிவிட்டேன். காலர் அளவு பழைய ஞாபகத்தில் வாங்கியது, இறுக்கமாக இருந்தால் மாற்றிக்கொள்ளலாம். மதினிக்கு எண்ணெய் எடுத்து வைத்திருக்கிறேன். எனக்கு ஒன்றும் வாங்கி வர வேண்டாம். கருப்பட்டி மட்டும் கொஞ்சம், அதுவும் பாரமாக இல்லாவிட்டால்.

மேட்டுப்பாளையத்தில் ஏழு மணி பஸ்ஸைப் பிடித்துவிடுங்கள். அதற்கடுத்த பஸ்ஸில் சந்தைக் கூட்டம் ஏறிவிடும், நின்றுகொண்டே வர வேண்டியிருக்கும். வளைவுகளில் டார்லினுக்கு வாந்தி வரும், ஜன்னல் பக்கம் அவளை உட்கார வையுங்கள்.

உங்கள்,
ஹெப்சி